டிராய் போர்க் காவியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கத்தின் இலியட், ஒடிசி, ரோமின் ஏனியட். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: டிராய் நகரத்தின் மீது நடந்ததாகச் சொல்லப்படும் பத்தாண்டுப் போர். இவற்றைப் படிக்கலாமா என்று யோசிப்பவர்களும், படம் பார்த்துவிட்டுத் தேடி வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் சுவை கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். இலியட்டையும் ஒடிசியையும் பாடியதாகச் சொல்லப்படும் ஹோமரைக் கேட்ட முதல் ரசிகர்களுக்கும் முடிவு என்ன என்று தெரியும்.

போர்க் கதை சுருக்கமாக என்ன?

ஒரு கல்யாணத்துக்குச் சண்டைத் தெய்வமான எரிஸை மட்டும் அழைக்காமல் விட்டார்கள். அவள் 'பேரழகிக்கு' என்று எழுதிய தங்க ஆப்பிளை விருந்துக்கு நடுவே வீசினாள். ஹேரா, அதீனா, அஃப்ரோடைட்டி என்ற மூன்று பெண் தெய்வங்களும் அது தனக்கே என்றார்கள். தீர்ப்புச் சொல்லும் வேலை டிராய் இளவரசன் பாரிஸின் தலையில் விழுந்தது. உலகின் மிக அழகான பெண்ணைத் தருகிறேன் என்ற அஃப்ரோடைட்டிக்கு அவன் பழத்தைக் கொடுத்தான். அந்தப் பெண் ஹெலன், ஸ்பார்ட்டா மன்னன் மெனலாஸின் மனைவி. பாரிஸ் அவளோடு டிராய் திரும்ப, மெனலாஸின் அண்ணன் அகமெம்னான் கிரேக்க மன்னர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு படையெடுத்தான். பத்தாவது ஆண்டில் கிரேக்கர்களின் பெரும் வீரன் அக்கிலிஸ் டிராயின் பெரும் வீரன் ஹெக்டரைக் கொன்றான். பிறகு பாரிஸின் அம்பில் அக்கிலிஸ் விழுந்தான். கடைசியில் மரக்குதிரைக்குள் ஒளிந்து நுழைந்த கிரேக்கர்கள் ஓர் இரவில் ஊரை எரித்தார்கள்.

இவ்வளவும் இலியட்டில் இருக்கிறதா?

இல்லை. முதல்முறை படிப்பவர்கள் ஏமாறுகிற இடம் இது. ஏறத்தாழ 15,700 அடிகள், 24 காண்டங்கள் கொண்ட இலியட், போரின் பத்தாம் ஆண்டில் சுமார் 50 நாட்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆப்பிள் கதை முழுதாக இல்லை. தெய்வ அழகிகளின் போட்டிக்கு ஓரிடத்தில் ஒரு குறிப்பு வருவதோடு சரி. அக்கிலிஸின் சாவு இல்லை. டிராய் எரிவதும் இல்லை.

இருப்பது ஒரு கோபம். காவியத்தின் முதல் சொல்லே 'சினம்' என்றுதான் தொடங்குகிறது. போரில் பங்காகக் கிடைத்த பிரிசேயிஸ் என்ற பெண்ணை அகமெம்னான் பறித்துக்கொண்டதால், அக்கிலிஸ் இனிப் போரிட மாட்டேன் என்று கூடாரத்தில் உட்கார்ந்துவிடுகிறான். அவன் இல்லாமல் கிரேக்கப் படை சிதறுகிறது. உயிர்த்தோழன் பட்ரோக்ளஸ் அவனுடைய கவசத்தை மாட்டிக்கொண்டு போய் ஹெக்டரின் கையில் சாகிறான். அகமெம்னான் மீதிருந்த கோபம் அப்படியே ஹெக்டர் மீது திரும்புகிறது. ஹெக்டரைக் கொன்றபின் பிணத்தைத் தேரில் கட்டி நாள்தோறும் இழுக்கிறான் அக்கிலிஸ். அந்தக் கோபம் எப்படி இறங்கியது என்பதோடு காவியம் முடிகிறது. போரின் கதை என்று நினைத்துத் திறந்தால் அலுக்கும். ஒரு மனிதனின் கோபத்துக்கு எத்தனை பேர் விலை கொடுத்தார்கள் என்று படித்தால் கீழே வைக்க மனம் வராது.

அப்படியானால் மரக்குதிரையும் குதிகாலும் எங்கே வருகின்றன?

குதிரை ஒடிசியில் எட்டிப் பார்க்கிறது. 8-ஆம் காண்டத்தில் தெமோடோகஸ் என்ற கண் தெரியாத பாடகன் அதைப் பாடுகிறான். விரிவாகச் சொல்வது ஏனியட்டின் 2-ஆம் காண்டம்: கிரேக்கன் சைனன் பொய் சொல்லி நம்ப வைப்பது, பூசாரி லாவோகூனையும் அவன் இரண்டு மகன்களையும் கடல் பாம்புகள் நெரிப்பது எல்லாம் அதில்தான்.

குதிகால் கதை இன்னும் பிந்தியது. சாவு வராமலிருக்கத் தாய் குழந்தை அக்கிலிஸைப் பாதாள உலகின் ஸ்டைக்ஸ் நதியில் முக்கியெடுத்தாள், அவள் பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லை, அம்பு அங்கேதான் பட்டது என்பார்கள். நதியில் முக்கியெடுத்த கதை கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸின் எழுத்தில் வருகிறது. ஹோமரின் அக்கிலிஸுக்கு உடம்பெல்லாம் சாதாரண உடம்புதான். 21-ஆம் காண்டத்தில் ஓர் ஈட்டி அவன் முழங்கையைக் கீறி ரத்தம் வருகிறது. என்னைக் கேட்டால் இந்த அக்கிலிஸே மேல். சாகாவரம் பெற்றவன் களத்தில் நிற்பதில் என்ன வீரம் இருக்கிறது?

மீதிக் கதைகளை யார் பாடினார்கள்?

சைப்ரியா, ஏத்தியோப்பிஸ், சின்ன இலியட், இலியனின் (டிராயின்) அழிவு, திரும்புதல்கள், தெலகோனி என்று ஆறு காவியங்கள் இருந்தன. அறிஞர்கள் இவற்றை மொத்தமாகக் 'காவியச் சக்கரம்' என்பார்கள். எல்லாம் அழிந்துபோயின. புரோக்ளஸ் என்பவர் எழுதிய சுருக்கமும் சில துண்டு அடிகளும்தான் மிச்சம். ஹெக்டரின் சாவுக்கும் ஊர் அழிவுக்கும் இடைப்பட்டதை ஒரே நூலில் படிக்க வேண்டுமென்றால் ஸ்மிர்னா ஊர்க் கவிஞர் குவின்டஸ் பிற்காலத்தில் 14 காண்டங்களில் எழுதிய காவியம் இருக்கிறது. தகவலுக்கு நல்லது, கவிதைக்குச் சுமார்.

ஹோமர் என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா?

பழங்கிரேக்கர்களுக்குச் சந்தேகமே இல்லை. அவரைச் சொந்தம் கொண்டாடப் பல ஊர்கள் போட்டி போட்டன. 1795-இல் ஜெர்மன் அறிஞர் எஃப். ஏ. வோல்ஃப், இவை பல பாடகர்களின் பாட்டுகளைப் பிற்காலத்தில் தொகுத்தவை என்று எழுதியதும் சண்டை தொடங்கியது. இன்னும் முழுதாக ஓயவில்லை.

திருப்பம் வந்தது 1930-களில். மில்மன் பாரி என்ற அமெரிக்கர் 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவின் சிற்றூர்களுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போனார். எழுதப் படிக்கத் தெரியாத அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் 12,000 அடிகளுக்கு மேல் நீளும் கதையைப் பாடிக் காட்டினார். மனப்பாடம் செய்து ஒப்பிக்கவில்லை. சந்தத்தில் அச்சாக உட்காரும் தொடர்கள் நூற்றுக்கணக்கில் கைவசம் இருந்தன; அவற்றைக் கொண்டு அந்த இடத்திலேயே பாட்டைக் கட்டிக்கொண்டே போனார். ஒடிசியின் அளவும் ஏறத்தாழ அதே 12,100 அடிகள். எழுத்து இல்லாமல் இவ்வளவு பெரிய காவியம் சாத்தியமா என்ற கேள்வி அத்தோடு அடங்கியது.

இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து இது: பல தலைமுறைப் பாடகர்கள் வளர்த்த கதைகளுக்கு கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ இந்த வடிவம் கிடைத்தது. இலியட்டையும் ஒடிசியையும் படைத்தது ஒரே ஆளா என்பதில் கட்சிகள் உண்டு. இரண்டுக்கும் பின்னால் தனித்தனியாக ஒரு பெரும் கவிஞன் இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. இலியட்டின் 1-ஆம் காண்டத்தில் ஒரு தந்தை மகளை மீட்கப் பணயப் பொருளோடு வந்து விரட்டப்படுகிறான். 24-ஆம் காண்டத்தில் ஒரு தந்தை மகனின் பிணத்தை மீட்கப் பணயப் பொருளோடு வந்து பெற்றுப் போகிறான். இப்படி முதலையும் முடிவையும் பொருத்துவது கூட்டத்தால் ஆகிற காரியமில்லை.

ஹோமர் திரும்பத் திரும்ப 'விரைந்த காலினன்' என்கிற அக்கிலிஸ், உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தானா?

ஆமாம், படுத்திருக்கும்போதும்! விடியல் என்றால் 'ரோஜா விரலினள்', ஹெக்டர் என்றால் 'மின்னும் தலைக்கவசத்தான்'. மேலே சொன்ன அச்சுத் தொடர்கள் இவைதான். அடியில் மிச்சமிருக்கும் இடத்துக்கு ஏற்ப நீள அடைமொழியோ குட்டை அடைமொழியோ போட்டுக்கொண்டு பாடகன் அடுத்த வரியை யோசிப்பான். கண்ணால் படித்தால் சலிக்கும்; வாய்விட்டுப் படித்தால் சலிக்காது.

ஹோமர் யார் பக்கம்?

கிரேக்கக் கவிஞன், கிரேக்க ரசிகர்கள். ஆனாலும் எதிரியை இழிவுபடுத்தாத காவியம் இது. ஆச்சரியம் என்னவென்றால், குடும்பம் என்று நாம் பார்ப்பதெல்லாம் டிராய்க்காரர்களின் குடும்பம்தான்.

6-ஆம் காண்டத்தில் ஹெக்டர் களத்திலிருந்து ஊருக்குள் வருகிறான். மனைவி ஆண்ட்ரோமகி கைக்குழந்தையோடு கோட்டை வாசலில் எதிர்ப்படுகிறாள். குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். குதிரைமயிர் ஆடும் தலைக்கவசத்தைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுது தாதியின் மார்பில் முகத்தைப் புதைக்கிறது. பெற்றவர்கள் இருவரும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு மகனைத் தூக்கி முத்தமிட்டு, 'அப்பனை மிஞ்சியவன் என்று ஊர் சொல்லட்டும்' என்று வேண்டுகிறான். ஊர் விழுந்ததும் அந்தக் குழந்தையை மதிலிலிருந்து வீசிக் கொன்றார்கள் என்ற கதை கேட்பவர்களுக்குத் தெரியும். ஹோமர் இந்த இடத்தில் அதைச் சொல்லாமலே விடுகிறார்.

22-ஆம் காண்டத்தில் அக்கிலிஸ் ஹெக்டரைத் துரத்திக்கொண்டு மதிலை மூன்று முறை சுற்றுகிறான். வழியில் இரண்டு ஊற்றுகள். பக்கத்தில் கல் தொட்டிகள். சமாதான காலத்தில் டிராய்ப் பெண்கள் அங்கேதான் துணி துவைப்பார்கள் என்று, உயிர் போகிற ஓட்டத்துக்கு நடுவே, கவிஞர் நின்று சொல்கிறார். ஹெக்டர் இறந்தபின் காட்சி அவன் வீட்டுக்குப் போகிறது. கணவன் களைத்து வருவான், குளிக்க வெந்நீர் போடுங்கள் என்று ஆண்ட்ரோமகி பணிப்பெண்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சாகிற சின்ன வீரர்களுக்கும் இரண்டு வரி வாழ்க்கை உண்டு. சிமோயிஸியஸ் என்றொரு டிராய் இளைஞன்: ஆட்டு மந்தை பார்க்கப் பெற்றோருடன் போன அவன் அம்மா ஆற்றங்கரையில் அவனைப் பெற்றாள், அந்த ஆற்றின் பெயரையே வைத்தார்கள். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் கிரேக்க வீரன் ஏஜாக்ஸின் ஈட்டியில் சாய்ந்துவிடுகிறான். இந்தப் பெயர்களை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே 24-ஆம் காண்டம். ஹெக்டரின் அப்பா, டிராயின் கிழ மன்னன் பிரியாம் இரவில் எதிரியின் கூடாரத்துக்குள் நுழைந்து, அக்கிலிஸின் முழங்காலைப் பிடித்து, தன் மகன்களைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, 'உன் அப்பாவை நினைத்துப் பார்' என்கிறான். இருவரும் அழுகிறார்கள், ஒருவன் மகனுக்காக, மற்றவன் அப்பாவுக்காகவும் பட்ரோக்ளஸுக்காகவும். பிணத்தை ஒப்படைக்கும் முன் அக்கிலிஸ் ஒரு காரியம் செய்கிறான்: கிழவர் கண்ணில் படாத இடத்தில் வைத்துக் கழுவச் சொல்கிறான். மகனின் உடலைப் பார்த்து அவர் சீறினால் தனக்கும் ஆத்திரம் வந்து அவரைக் கொன்றுவிடுவோமோ என்ற அச்சம். தன் கோபத்தை அவனே அளந்து வைத்திருக்கும் முதல் இடம் அது.

தெய்வங்கள் ஏன் இவ்வளவு சிறுபிள்ளைத்தனமாக நடந்துகொள்கின்றன?

அவற்றுக்குச் சாவு இல்லை, அதனால்தான். அஃப்ரோடைட்டி கையில் ஈட்டிக் கீறல் பட்டு அம்மாவிடம் ஓடுகிறாள். போர்த் தெய்வம் ஏரிஸ் (ஆப்பிள் வீசிய எரிஸ் வேறு) ஒன்பதாயிரம் பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்தினாற்போல் அலறுகிறான். மறுநாள் இருவரும் சுகம். கீழே மனிதன் ஒரே ஈட்டியில் தீர்ந்துபோகிறான். ரோமில் இதே தெய்வங்களுக்குப் பெயர் வேறு: ஜீயஸ் ஜூபிடர், ஹேரா ஜூனோ, அஃப்ரோடைட்டி வீனஸ், அதீனா மினர்வா. ஒடிசியின் நாயகன் ஒடிசியஸுக்கும் லத்தீனில் யுலிஸிஸ் என்று பெயர்.

ஹெலன் விரும்பிப் போனாளா, கடத்தப்பட்டாளா?

பழங்காலத்திலேயே தீராத வழக்கு. இலியட்டில் அவள் தன்னைத்தானே கடுமையாகத் திட்டிக்கொள்கிறாள். பிரியாம் அவளைக் குறை சொல்வதில்லை, தெய்வங்களைச் சொல்கிறான். ஹெலன் டிராய்க்கே வரவில்லை, போர் முழுக்க எகிப்தில் இருந்தாள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். வந்தது அவளைப் போன்ற மாயத் தோற்றம்தான் என்று யூரிப்பிடிஸ் ஒரு நாடகமே போட்டார்.

ஏனியட்டை ஏன் தனியாகப் படிக்க வேண்டும்? ஹோமரின் நகல்தானே?

நகல் என்று சொன்னால் அதை எழுதிய ரோமானியக் கவிஞர் வெர்ஜில் வருத்தப்பட மாட்டார். ஹோமரோடு மல்லுக்கட்டத்தான் அவர் உட்கார்ந்தார். 12 காண்டங்கள், முதல் ஆறும் ஒடிசி மாதிரி கடற்பயணம், அடுத்த ஆறும் இலியட் மாதிரி போர். ஆனால் கதை தோற்றவர்களின் வாயிலிருந்து வருகிறது. எரியும் டிராயிலிருந்து காவிய நாயகன் ஏனியாஸ் கிழத் தந்தையைத் தோளில் சுமந்து, சின்ன மகனைக் கையில் பிடித்து வெளியேறுகிறான். பின்னால் வந்த மனைவி கிரூஸா இருட்டில் தவறிப்போகிறாள். இந்த அகதியின் வாரிசுகள்தான் ரோமர்கள் என்பது காவியத்தின் கொள்கை. ஜூலியஸ் சீசரின் குடும்பம் ஏனியாஸின் மகன் யூலஸ் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொண்டது. அந்தக் குடும்பத்தின் வாரிசு அகஸ்டஸ்தான் வெர்ஜில் காலத்து ஆட்சியாளர்.

அதனால் இதை அரசாங்கத் துதி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அது அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. துதி இருக்கிறது, பக்கம் பக்கமாக. ஆனால் அதன் கணக்கையும் வெர்ஜில் மறைக்கவில்லை. கடமை அழைக்கிறது என்று ஏனியாஸ் கைவிட்டுப் போன கார்த்தேஜ் அரசி டைடோ வாளில் விழுந்து சாகிறாள். 6-ஆம் காண்டத்தில் பாதாள உலகில் அவளைப் பார்த்து ஏனியாஸ் அழுது சமாதானம் சொல்ல, அவள் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடக்கிறாள். கடைசிக் காட்சியில் எதிரி டர்னஸ் காலில் விழுந்து கெஞ்சுகிறான். ஏனியாஸின் கை தயங்குகிறது. அப்போது, டர்னஸ் கொன்ற தன் இளம் தோழன் பல்லஸின் வார் டர்னஸின் தோளில் கிடப்பதைக் கண்டு, வெறி தலைக்கேறிக் குத்திவிடுகிறான். அந்தக் குத்தோடு காவியமே நின்றுவிடுகிறது. வெற்றி விழா இல்லை, கல்யாணம் இல்லை. அகஸ்டஸைக் குளிர்விப்பது மட்டும்தான் நோக்கமென்றால் யாரும் இப்படி முடிக்க மாட்டார்கள்.

காலக்கணக்கு பார்ப்பவர்களுக்கு: கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் டிராய் வீழ்ச்சிக்குக் குறித்த ஆண்டு கி.மு. 1184, கார்த்தேஜ் நிறுவப்பட்டதாக மரபு சொல்வது கி.மு. 814. ஏனியாஸும் டைடோவும் சந்தித்திருக்கவே முடியாது. ரோமும் கார்த்தேஜும் பிற்காலத்தில் மூன்று பெரும் போர்கள் நடத்தின. அந்தப் பகைக்கு ஒரு காதல் முறிவைக் காரணமாக வைக்க வெர்ஜிலுக்கு இந்தச் சந்திப்பு வேண்டியிருந்தது.

வெர்ஜில் அதை எரிக்கச் சொன்னது உண்மையா?

பழைய வாழ்க்கை வரலாறுகள் அப்படித்தான் சொல்கின்றன. பத்தாண்டுக்கு மேல் எழுதியும் திருத்தம் முடியவில்லை. கி.மு. 19-இல் பிருந்தீசியம் துறைமுகத்தில் இறக்கும்போது கையெழுத்துப் பிரதியை எரிக்கச் சொன்னார். அகஸ்டஸ் தடுத்தார்; வேரியஸ், டுக்கா என்ற நண்பர்கள் வெளியிட்டார்கள். பாதியில் நிற்கும் அடிகள் ஐம்பதுக்கு மேல் இன்றும் நூலில் அப்படியே இருக்கின்றன.

போர் நிஜமாக நடந்ததா?

ஊர் நிஜம். துருக்கியின் வடமேற்கில், டார்டனெல்ஸ் நீரிணைக்கு அருகே ஹிசார்லிக் என்ற மேடு இருக்கிறது. அதில் ஒரு பகுதியின் சொந்தக்காரரான ஃபிராங்க் கால்வெர்ட் முதலில் தோண்டினார். பணக்கார வணிகர் ஹைன்ரிஷ் ஷ்லீமானுக்கு இடத்தைக் காட்டியவரும் அவரே. பெயர் மட்டும் ஷ்லீமானுக்குப் போனது. 1870-இல் தொடங்கிய ஷ்லீமான் அகலமான பள்ளமாக வெட்டிக்கொண்டே போனார். ஒன்றன் மேல் ஒன்றாக ஒன்பது பெரிய குடியிருப்பு அடுக்குகள். ஹோமரின் டிராய் அடியில்தான் இருக்கும் என்று நினைத்து, உண்மையில் அந்தக் காலத்துக்குப் பொருந்தும் அடுக்குகளில் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டார். 1873-இல் அவர் எடுத்த 'பிரியாமின் புதையல்' இரண்டாம் அடுக்கைச் சேர்ந்தது, போருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. மனைவி சோஃபியா சால்வையில் அள்ளி வந்தார் என்று ஒரு கதையும் விட்டார். சோஃபியா அப்போது ஏதென்ஸில் இருந்தார். புதையல் பெர்லினுக்குப் போய், 1945-இல் சோவியத் படையோடு மாஸ்கோ போனது. இன்று புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

போருக்குப் பொருத்தமாகச் சொல்லப்படும் அடுக்குகள் இரண்டு. ஆறாம் அடுக்கின் நகரம் அழகான சாய்ந்த மதில்களோடு கி.மு. 1300 வாக்கில் சரிந்தது. நிலநடுக்கம் காரணமாக இருக்கலாம். அடுத்த குடியிருப்பான ஏழு-ஏ கி.மு. 1180 வாக்கில் தீயில் அழிந்தது. தரையில் புதைத்த தானியச் சாடிகள், அடக்கம் செய்யப்படாத எலும்புகள் கிடைத்திருக்கின்றன. முற்றுகை போலத்தான் தெரிகிறது. ஆனால் முற்றுகையிட்டவர்கள் கிரேக்கர்கள் என்று எந்தச் சாடியும் சொல்லவில்லை.

இன்னொரு தடயம் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் பேரரசின் களிமண் பலகைகள். கி.மு. 1280 வாக்கில் மன்னன் இரண்டாம் முவத்தல்லி, விலுசா என்ற ஊரின் தலைவன் அலக்சாந்துவோடு உடன்படிக்கை செய்தான். விலுசாவை இலியனோடு, அதாவது டிராயோடு, பெரும்பாலோர் சேர்க்கிறார்கள். பாரிஸின் இன்னொரு பெயர் அலெக்சாண்ட்ரோஸ். பெயர் ஒத்துப்போவதைப் பார்த்தால் மனம் துள்ளும். ஆனால் அந்த அலக்சாந்து யாருடைய மனைவியையும் கொண்டுபோனதாகப் பலகையில் இல்லை.

எனக்குப் பிடித்த சாட்சி ஒரு தலைக்கவசம். 10-ஆம் காண்டத்தில் ஒடிசியஸ் காட்டுப்பன்றியின் தந்தங்களை வரிசையாகத் தைத்த கவசத்தை அணிகிறான். ஹோமர் காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே வழக்கொழிந்த பொருள் அது. ஹோமருக்குப் பல நூற்றாண்டு முந்திய கிரேக்கர்களான மைசீனியர்களின் கல்லறைகளில் தோண்டியபோது அச்சு அசலாக அதே கவசம் கிடைத்தது. போர் நினைவில் இருந்ததோ இல்லையோ, பாட்டு ஒரு பொருளை அத்தனை காலம் கெடாமல் காப்பாற்றியிருக்கிறது.

ராமாயணம், மகாபாரதத்தோடு தொடர்பு உண்டா?

கொண்டுபோகப்பட்ட மனைவி, கடல் கடந்த படை, எரிந்த நகரம் என்று பார்த்ததும் ராமாயணம் நினைவுக்கு வரும். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று காட்ட உறுதியான ஆதாரம் இல்லை. மனநிலையில் இலியட் பாரதத்துக்கே நெருக்கம். முடிவு தெரிந்தும் களத்துக்குப் போகும் அக்கிலிஸிடம் கர்ணனின் சாயல் உண்டு. இலியட் முடிவில் பெண்கள் ஹெக்டர் மீது விழுந்து அழும் பகுதியை ஸ்திரீ பர்வத்தின் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

கதை இந்தியா வந்தது என்பதற்கு ஒரு கல் சாட்சி இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு காந்தாரச் சிற்பத்தில் சக்கரம் வைத்த குதிரை, அதன் மார்பில் ஈட்டியை ஊன்றும் ஆள், வாசலில் கைகளை உயர்த்தி நிற்கும் பெண். டிராய்க் காட்சியேதான்! இந்தியர்கள் ஹோமரைத் தம் மொழியில் பாடுகிறார்கள் என்று கிரேக்கப் பேச்சாளர் டியோ கிறிஸோஸ்டமும் எழுதினார். அவர் கேள்விப்பட்டது மகாபாரதமாக இருக்கலாம் என்பது பலருடைய ஊகம்.

2004-இல் வந்த 'டிராய்' என்ற ஹாலிவுட் படம் காவியத்தை ஒட்டியதா?

பாதி. தெய்வங்களைத் தூக்கிவிட்டார்கள், பத்தாண்டுப் போரைச் சில வாரங்களாகச் சுருக்கினார்கள். படத்தில் ஹெக்டர் மெனலாஸைக் கொல்கிறான். ஒடிசியில் மெனலாஸ் ஹெலனோடு ஸ்பார்ட்டாவில் செழிப்பாகக் குடித்தனம் நடத்துகிறான். அகமெம்னானும் டிராயில் சாகவில்லை. வீடு திரும்பியபின் மனைவி கிளைடெம்னெஸ்ட்ராவும் அவள் காதலனும் சேர்ந்து தீர்த்துக்கட்டினார்கள். பிரியாம் கைகளை முத்தமிடும் காட்சியை மட்டும் படம் மரியாதையாகச் செய்திருக்கிறது.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஒடிசிதான் எளிது, தீவுகள், ஒற்றைக்கண் அரக்கன், வீடு திரும்பல் என்று கதை ஓடும். இலியட்டுக்கு நேரே போக விரும்பினால் 1, 6, 9, 16, 18, 22, 24 ஆகிய காண்டங்களை முதலில் படித்துவிட்டு மீதிக்குத் திரும்பலாம். 2-ஆம் காண்டத்தின் பிற்பாதியில் வரும் கப்பல் பட்டியலை முதல் வாசிப்பில் தாண்டலாம், பாவமில்லை. எந்த ஊரிலிருந்து எத்தனை கப்பல் என்று மொத்தம் 1,186 கப்பல்கள். ஏனியட்டில் 2, 4, 6, அப்புறம் 12.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு: இலியட்டுக்கு லாட்டிமோர் 1951-இல் செய்தது மூலத்துக்கு நெருக்கம், கொஞ்சம் கரடுமுரடு. ஃபேகல்ஸ் 1990-இல் செய்தது வாய்விட்டுப் படிக்க ஏற்றது. எமிலி வில்சனின் ஒடிசி 2017, இலியட் 2023. இரண்டும் தெளிந்த, வேகமான நடை. கிரேக்கர்களை ஹோமர் அக்கேயர், ஆர்கைவர், தனாயர் என்று மூன்று விதமாகச் சொல்வார். மூவரும் ஒரே படை என்று முதல் பக்கத்திலேயே குறித்துவைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.